இருபத்தெட்டு முடிச்சு

என் தங்கை லைலா எப்படி மவுத்தானாள் என்று மருதமுனையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். டொக்டர் இனிப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லியும் புருஷன் மசூர் பொறுக்கவில்லை, ஆறாவதைக் கொடுத்து ஆளை முடித்துவிட்டான் என்பார்கள். ஐந்து வருஷமாக இந்தக் கதையைக் காதால் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தவள் நான். பொய் என்று தெரிந்துகொண்டே ஆட்டினேன். இப்போது இதைச் சொல்வதால் எனக்கு ஒரு மரியாதையும் மிஞ்சப்போவதில்லை. மிஞ்சவும் வேண்டாம்.

என் பெயர் ஸைனம்பு. லைலாவுக்கு ஆறு வயது மூத்தவள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் ஏறுவார். வாப்பா ஒரே வளவில் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வீடு கட்டித் தந்தார். என் குசினியில் மீன் பொரிகிற மணம் போனால் அவள் பிள்ளைகள் கோப்பையோடு இங்கே வந்து நிற்பார்கள். என் புருஷன் பளீல் கலியாணம் முடித்து நாலாம் வருஷம் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார். எனக்குப் பிள்ளையும் இல்லை. வளவுப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொழுகை, நோன்பு, குளிப்பு, சுத்தம் என்று பெண்களுக்கு எதில் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் ஓடி வருவார்கள். வந்து வந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஸைனம்புக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊர் சொல்லும், நானும் நம்பிவிட்டேன்.

லைலா அப்படிப்பட்டவள் இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஓத உட்கார வைத்தால் கிதாபுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பாள். பதினைந்து வயதில் சாய்ந்தமருதுவிலிருந்து மசூர் மாப்பிள்ளையாக வந்தார். தறிக்காரர். வாயில் ஈ புகுந்தாலும் பேசாத மனிதர். அவர் சாரன் நெய்வார், இவள் நூலுக்குச் சாயம் போடுவாள். அவள் கை எந்நேரமும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். “சோறு போடுறியா, சாயம் போடுறியாகா?” என்று நான் ஏசுவேன். “ராத்தா, நீல நிறத்துல சோறு தாறன், தின்னுறீங்களா?” என்று கையை என் முகத்துக்கு நேரே கொண்டுவருவாள்.

பதினைந்து வருஷத்தில் ஐந்து பிள்ளைகள். மூத்தவள் றுகையா. மூன்றாவதுக்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி விடலாம் என்று மசூர் ஆண்கள் பார்க்கிற பழைய முறையைப் பார்த்தார். வெளியே விடுவது கிதாபிலேயே ஆகும் என்று இருக்கிறது. அதை நம்பி இருந்ததில் நாலாவது வந்தது. ஐந்தாவதுக்கு லைலாவின் உடம்பில் தெம்பு ஒன்றுமில்லை. அது ஐம்பத்து மூன்றாம் ஆண்டு. பிள்ளை பிறந்ததும் பெருக்கெடுத்த இரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். டொக்டர் மசூரையும் என்னையும் கூப்பிட்டு, “இன்னொரு பிள்ளை வந்தால் இந்தப் பெண்ணை நீங்கள் திரும்பக் காணமாட்டீர்கள்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். மட்டக்களப்பில் ஒரு சின்ன ஒப்பரேசன் செய்கிறார்கள், குழாயைக் கட்டிவிட்டால் பிறகு பயமில்லை, புருஷன் ஒப்பம் வைத்தால் போதும் என்றார்.

மசூர் அந்த இடத்திலேயே, “வெக்கிறன் ஐயா” என்றார்.

நான்தான் குறுக்கே பாய்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே அவரைப் பிடித்தேன். “என்ன மச்சான் இது? அல்லாஹ் தந்த உறுப்ப அறுத்துக் கட்டச் சொல்றானே, அதுக்கும் ஓம் எண்டுறீங்களே! நாளைக்கு மறுமையில யார் பதில் சொல்ற? ஊர் என்ன கதைக்கும்?”

“ஊர் கதைக்கட்டும் மதினி. லைலா இரிக்கணும்” என்றார் மசூர்.

“லைலா இரிப்பா. அதுக்கு வேற வழி இரிக்கும். நான் பாக்கிறன்.”

அவர் என்னை நம்பினார். ஊரே நம்பும்போது அவர் நம்பாமல் என்ன செய்வார்?

எங்கள் பக்கத்துக்கு வந்துபோகிற மருத்துவிச்சி நல்லம்மா மிஸி காரைதீவுக்காரி. வெள்ளைச் சேலை, கறுத்தப் பை, எவரையும் அதட்டாத குரல். நான் தனியே போய்க் கேட்டேன். அவர் ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். கொழும்பில் ரப்பர் மூடி கொடுக்கிறார்கள், பெண்கள் உள்ளே வைப்பது என்றார். கல்முனை மருந்துக் கடையில் ஆண்களுக்கு உறை இருக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “சீ, போதும் மிஸி, இதெல்லாம் எங்கட ஆக்களுக்குச் சரிவராது” என்றேன்.

“அப்ப ஒப்பரேசன்தான் அம்மா நல்லம். டொக்டர் சும்மா சொல்லமாட்டார்.”

“அதுவும் வேணாம். உடம்புல கை வெக்காத வழி ஒண்டும் இல்லையா?”

மிஸி கொஞ்சம் யோசித்தார். “நாள் எண்ணுற ஒரு முறை இரிக்கு. ஆனா அத நூற்றுக்கு நூறு நம்பேலாது. ஒழுங்கா மாதம் வாற ஆளுக்குத்தான் சரி. ரத்தம் கண்ட முதல் நாளை ஒண்டு எண்டு எண்ணணும். முதல் ஏழு நாளும் பயமில்ல. எட்டில இருந்து பத்தொம்பது வரைக்கும் புருஷன் தள்ளிப் படுக்கணும். இருபதில இருந்து திரும்பப் பயமில்ல. விளங்கிச்சா?”

விளங்கியது என்றேன். மூன்று தரம் திருப்பிச் சொல்லியும் காட்டினேன். அல்லாவே, அப்போது சரியாகத்தான் சொன்னேன்!

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்தான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. இரத்தம் கண்ட நாளிலிருந்து ஏழு நாள் பயமில்லையாம். தொழுகையே இல்லாத அந்த நாட்களில் எங்கள் புருஷன்மார் கிட்டவே வரக்கூடாது. வரக்கூடாத நாளுக்குப் பயமில்லை என்று சொல்ல ஒரு மிஸி வேண்டுமா? பாவம், அவருக்கு எங்கள் சட்டம் தெரியாது. தங்கள் ஆட்களுக்குச் சொல்வதை எனக்கும் சொல்லிவிட்டார். எங்கள் பெண்களுக்கு எல்லாக் கணக்கும் சுத்தமாகித் தலை முழுகிக் குளிக்கிற நாளிலிருந்துதான் தொடங்குகிறது. தொழுகை அன்றைக்குத்தான் திரும்புகிறது, புருஷனும் அன்றைக்குத்தான் திரும்புகிறார். ஆகவே ஏழு நாள் என்பது குளித்த பிறகு வருகிற ஏழு நாள். வாசலுக்கு வரும்போது மிஸியின் கணக்கை நான் திருத்தி முடித்திருந்தேன். திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கால் முறிந்து போயிருக்குமா? கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே!

லைலாவுக்கு எழுத்து வராது. அதனால் மசூரின் தறிக் கொட்டிலிலிருந்து நூல் எடுத்து நானே ஒரு கயிறு செய்து கொடுத்தேன். ஏழு வெள்ளை முடிச்சு, பன்னிரண்டு சிவப்பு முடிச்சு, பிறகு ஒன்பது வெள்ளை முடிச்சு. மொத்தம் இருபத்தெட்டு. சிவப்பு நூல் அவளே சாயம் போட்டது. குளித்த நாள் முதல் முடிச்சில் ஒரு ஊசியைக் குத்தி, ஒவ்வொரு நாளும் ஒரு முடிச்சு தள்ளிக் குத்தச் சொன்னேன். ஊசி சிவப்பில் நின்றால் மசூருக்கு வீட்டுக்குள் இடமில்லை.

அந்த மனிதர் ஒரு நாள் தவறவில்லை. சிவப்பு நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு தறிக் கொட்டிலுக்குப் போய்விடுவார். என் குசினி யன்னலுக்கு நேரேதான் கொட்டில். சுபஹுத் தொழுகைக்கு நான் எழும்பும்போது தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குக் கீழே அவர் கால் தெரியும். ஒழுங்கையில் போகிற ஆண்கள் பகிடி பண்ணுவார்கள்: “என்ன மசூர், பொஞ்சாதி துரத்திட்டாவா?” அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஆகவே அவர் சிவப்பு நாளில் எங்கே படுத்தார் என்பதற்குச் சாட்சி நான். ஒரு நாள் விடாமல் பார்த்த சாட்சி என்னைத் தவிர வேறு இல்லை.

இரண்டாம் மாதமே லைலா கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “ராத்தா, இது என்ன? போன மாசமும் ஏழு முடிச்சு மிஞ்சிச்சு, இந்த மாசமும் ஏழு மிஞ்சுது. முடிச்சு முடியிறதுக்கு முந்தியே அடுத்தது வந்திடுது.”

எழுத்துத் தெரியாத அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. “மிஞ்சினா மிஞ்சட்டும்கா! கொஞ்சம் கூட இரிக்கிறது உனக்குப் பாரமா? வேலையப் பாரு” என்று துரத்திவிட்டேன். 

நாலாம் மாதம் ஊசி கடைசி வெள்ளையில் போய் நின்றது, இரத்தம் வரவில்லை. ஒரு நாள் காலையில் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். நான் வாளியோடு நின்று பார்த்தேன். மசூர் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பிசகியிருப்பாரோ என்றுதான் அப்போது எனக்கும் ஒரு கெட்ட எண்ணம்.

நல்லம்மா மிஸி வந்து லைலாவைப் பார்த்துவிட்டு, போகிறபோது என் வீட்டு வாசலில் நின்றார். “எண்ணச் சொன்னேனே அம்மா, எண்ணல்லையா?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எண்ணாம என்ன? பாருங்க மிஸி” என்று கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினேன். மிஸி ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவினார். நல்லாத்தான் கட்டியிருக்கிறீங்க என்றார். பிறகு, “முதல் முடிச்சு எந்த நாள்?” என்று கேட்டார்.

“குளிச்ச நாள்” என்றேன்.

மிஸியின் கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “அம்மா, குளிச்ச நாள் எட்டாம் நாள் ஆகியிருக்கும். பிள்ளை நிக்கிற நாளப் போய் நீங்க வெள்ளையில கட்டிட்டீங்க.”

மிஞ்சிய ஏழு முடிச்சும் அப்போதுதான் எனக்கு விளங்கின. “இத நீங்களே தங்கச்சிக்கிட்டயும் புருஷன்கிட்டயும் சொல்லிருங்க. அந்தப் பிள்ளை மனசுக்குள்ள தன்னப் போட்டு அரிச்சிக்கிட்டு இரிக்கும். சொல்றீங்களா?” என்றார் மிஸி. சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் அவரை நாவிதன்வெளிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். எங்கள் வளவில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றாகிவிட்டது.

சொல்ல எனக்கு ஐந்து மாதம் இருந்தது. ஐந்து மாதம்! தினம் காலையில் இன்றைக்குச் சொல்வோம் என்று அவள் வீட்டுப் படியேறுவேன். அவள் கஞ்சி ஊற்றித் தருவாள், குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் அவளே கதையைத் தொடங்கினாள். கால் இரண்டும் வீங்கிப் பாயில் இருந்தாள்.

“ராத்தா, நீங்க எவ்வளவு பாடுபட்டுக் கட்டித் தந்தீங்க. நான்தான் எங்கயோ ஊசிய மாத்திக் குத்திட்டன். நோன்பு நாளையில நித்திர வெறியில குத்தினன், அதுலதான் பிசகியிருக்கும். அவர் பாவம், ஒழுங்கா இருந்தார். கோவிக்காதீங்க ராத்தா.”

என் தங்கை என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி சரி, ஆகினது ஆகிப்போச்சி” என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்தேனாம்! இப்படி ஒரு பிறவி இருக்கிறதா?

ஐம்பத்து நாலாம் ஆண்டு, மாசி மாதம், ஒரு மாதம் முந்தி வலி வந்தது. காரில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே காரின் இருக்கை இரத்தத்தில் நனைந்திருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் அவள் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. குளிப்பாட்டியவள் நான். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த சிவப்புச் சாயம் போகவில்லை.

மையித்து வீட்டிலேயே, பிரேதம் எடுக்க முந்தியே, கதை தொடங்கிவிட்டது. “பச்ச உடம்புக்காரிய விட்டு வெச்சானா பாரு” என்று ஒருத்தி. “ஆம்புளைக்கு அடக்கம் வேணாமா?” என்று இன்னொருத்தி. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் எங்கள் மாமா முனாப் மசூரை முற்றத்துக்குக் கூப்பிட்டார். “வீடு பொம்புளப் புள்ளையளுட வீடு. இனி நீங்க உங்கட ஆக்களோட போய் இரிங்க” என்றார். மசூர் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தறிக் கொட்டிலும் என் குசினி யன்னலும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். ஒரு சொல்லுக்காக நின்றார். எனக்குப் பொய் சொல்ல வேண்டிய வேலைகூட இருக்கவில்லை, சும்மா நின்றாலே போதுமாக இருந்தது. பதினாலு வயது றுகையா கதவுக்குப் பின்னால் நின்றாள். தன் வாப்பா கூப்பிட்டும் வெளியே வரவில்லை. அவர் ஒரு துணிப் பொதியோடு கோமாரிக்குப் போனார். அங்கே அவருடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், ஒரு தென்னந்தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை நான் வளர்த்தேன். ஊர் என்னைப் புகழ்ந்தது.

றுகையாவுக்குக் கலியாணம் முடித்து வைத்தேன். மாப்பிள்ளை அதாவுல்லா நல்ல பொடியன். இரண்டு வருஷத்தில் இரண்டு பிள்ளைகள். இந்த வருஷம், ஐம்பத்தொன்பதில், நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம் றுகையா வந்தாள். கையில் அந்தக் கயிறு. உம்மாவின் பெட்டகத்தில் கூறைச் சேலைக்குள் இருந்ததாம். ஊசிகூடத் துருப்பிடித்து அதிலேயே குத்தியபடி இருந்தது.

“பெரியம்மா, இப்பைக்கு இன்னொண்டு வேணாம் எண்டு அவரும் சொல்றார். நீங்கதானே உம்மாக்கு இதக் கட்டிக் குடுத்தீங்க. எனக்கும் சொல்லித் தாங்க. எந்த நாள்ள இருந்து எண்ணுற?”

இந்தத் தரம் பிழை விடக்கூடாதே. “ரத்தம் கண்ட முதல் நாள்ள இருந்து” என்றேன். “அதையும் நம்பி இரிக்காத. ஆஸ்பத்திரியில போய்க் கேளு.”

றுகையா கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இல்லையே பெரியம்மா. உம்மா குளிச்ச நாள்ள இருந்துதானே எண்ணுவா? நான் பாத்திரிக்கன். தல முழுகிட்டு வந்து, ஈரத் தலையோட முதல்ல இதத்தான் எடுப்பா.”

இனி எங்கே ஓடுவது? நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பரேசனைத் தடுத்ததைச் சொன்னேன், மிஸியின் கணக்கைத் திருத்தியதைச் சொன்னேன், மிஞ்சிய ஏழு முடிச்சைச் சொன்னேன். அழவில்லை, அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்துவிடும். அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

“அப்ப வாப்பா?”

“வாப்பால ஒரு பிழையும் இல்ல மகள்.”

“நான் அவரோட கதைச்சி அஞ்சி வருஷம்” என்றாள். “கலியாணத்துக்கு வந்து வாசல்ல நிண்டார், நான் முகத்தத் திருப்பிட்டன்.” எழும்பினாள். “நாளைக்கு விடிய பொத்துவில் பஸ். நீங்களும் வாறீங்க. நான் சொல்லமாட்டன், நீங்கதான் சொல்லணும்.”

கோமாரியில் இறங்கித் தோட்டத்துக்குள் நடந்தோம். மசூர் நிலத்தில் நட்ட அலவாங்குக் கம்பியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. மகளைக் கண்டதும் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார், வைத்த இடம் தெரியாமல் திரும்ப எடுத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒரு இடத்திலும் என்னை நல்லவளாக்கவில்லை.

அவர் சத்தம் போடுவார் என்றுதான் நினைத்துப் போனேன். போட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

“நான் எண்ணாத நாள் இல்ல மதினி” என்றார். “எந்த நாள் பிசகின எண்டு அஞ்சி வருஷமா எண்ணிப் பாக்கிறன். ஒவ்வொரு மாசமா, ஒவ்வொரு முடிச்சா. சிவப்புல ஒரு நாளும் நான் வீட்டுக்குள்ள போகல்ல. அப்ப எப்படி எண்டு யோசிச்சி யோசிச்சி, கடைசில நானே நம்பிட்டன். ஊர் சொல்றதுதான் சரி, எனக்குத்தான் மறந்து போச்சி எண்டு.”

றுகையா கயிற்றை அவர் கையில் வைத்தாள். அவர் பெருவிரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தள்ளிக்கொண்டு போனார். கடைசி ஏழு முடிச்சில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து மிக மெதுவாகக் கேட்டார்:

“மவுத்தாக முந்தி லைலாக்கு இது தெரியுமா மதினி?”

“இல்ல” என்றேன். “தன்ட பிழை எண்டுதான் நினைச்சிக்கிட்டுப் போனா. என்னட்ட மன்னிப்பும் கேட்டா.”

அவர் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு குந்திவிட்டார். மகள் அவர் பக்கத்தில், உரிமட்டைக் குவியலுக்கு நடுவில், போய் இருந்தாள். நான் றோட்டுக்கு வந்து, கல்முனை பஸ் வரும் மட்டும் வெயிலில் தனியே நின்றேன்.